யோசிக்காமல் பாய்கிறவர்கள்

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்துக்குப் பெரிய பையோடு ஒருவன் வந்தான். பைக்குள் கமரா இருக்கிறது, ஆராதனையைப் படம்பிடிக்க வேண்டும் என்றான். அங்கே நின்ற ரமேஷ் ராஜுவுக்கு அது சரியாகப் படவில்லை. அவர் பொலிஸ்காரரோ படைவீரரோ கிடையாது. கட்டட ஒப்பந்தகாரர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். அனுமதி எடுக்காமல் உள்ளே போக முடியாது என்று மறித்தார். குண்டு வெளியில் வெடித்தது. ரமேஷும் சிறுவர்கள் பலரும் இறந்துபோனார்கள். உள்ளே கூடியிருந்த நூற்றுக்கணக்கானோரில் பெரும்பாலோர் உயிரோடு வீடு திரும்பினார்கள்.

அங்கிருந்து சைக்கிளில் போகும் தூரத்தில் இருக்கிறது அமிர்தகழி. அங்கும், அதற்கப்பால் பாலமீன்மடு, முகத்துவாரம் வரையுள்ள வாவிக்கரை ஊர்களிலும் இதே குணத்தைத் தண்ணீரில் கண்டவர்கள் உண்டு. தோணி கவிழும். மாரியில் முகத்துவாரம் வெட்டிவிட்ட பிறகு வாவி கடலுக்கு இழுக்கும் நேரம் யாரோ ஒருவர் கால் தவறி ஆழத்துக்குப் போவார். பெயர்கூடத் தெரியாத அவருக்காகக் கரையில் நின்ற இன்னொருவர் பாய்வார். பிறகு கேட்டால், “ஒண்டும் யோசிக்கல்ல, பாஞ்சிட்டன்” என்பார். ஊர் கூடிப் பொன்னாடை போர்த்தும். அந்த ஒற்றை வரிப் பதில் அறிவியலாளர்களை நெடுங்காலம் தூங்கவிடாத ஒன்று.

இயற்கைத் தேர்வு என்பதன் சாரம் இதுதான்: பிழைத்துப் பிள்ளை பெறுகிறவர்களின் இயல்பு அடுத்த தலைமுறைக்குப் போகும், முன்னதாக இறக்கிறவர்களின் இயல்பு அவர்களோடு போய்விடும். அப்படியானால், முன்பின் தெரியாதவருக்காக வெள்ளத்தில் பாய்கிறவர்கள் பாய்ந்து பாய்ந்தே அருகியிருக்க வேண்டும். கரையில் நின்று பார்த்தவர்களின் வழித்தோன்றல்களே இன்று உலகத்தில் மிஞ்சியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லையே, ஏன்?

முதல் விடையை யோசித்தவர்களில் ஒருவர் பிரித்தானிய உயிரியலாளர் ஜே. பி. எஸ். ஹால்டேன். 1955இல் எழுதிய கட்டுரையொன்றில் அவரும் தண்ணீரைத்தான் உதாரணம் காட்டினார். வெள்ளம் பாயும் ஆற்றில் குதித்துக் குழந்தையொன்றைக் காப்பாற்றத் தூண்டும் அரிய பரம்பரை அலகு (மரபணு) ஒருவரிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குதித்தால் பத்தில் ஒரு தடவை அவர் மூழ்கக்கூடும். குழந்தை அவருடைய சொந்தப் பிள்ளையோ கூடப்பிறந்ததோ என்றால், அதே அலகு அந்தக் குழந்தையிடமும் இருப்பதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆகவே ஓர் அலகு அழியும் இடத்தில் ஐந்து அலகுகள் தப்புகின்றன. இயல்பு அழியாது, பரவவே செய்யும். கூடப்பிறந்தவரின் பிள்ளை, பேரன் என்றால் ஆதாயம் பாதியாகும். உறவு தூரப் போகப் போக ஒன்றுமே மிஞ்சாது. 1964இல் டபிள்யூ. டி. ஹமில்டன் இதை முழுக் கோட்பாடாக வளர்த்தார். உறவுத் தேர்வு என்று அதைச் சொல்லலாம்.

அந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதற்கு அடுத்தாற்போல் வருகிறது. தானே இரண்டு தடவை தண்ணீரில் தத்தளித்தவர்களை இழுத்துப் போட்டதாகவும், அப்போது இப்படிக் கணக்குப் பார்க்கத் தனக்கு நேரம் இருக்கவில்லை என்றும் ஹால்டேன் எழுதுகிறார். கணக்கைக் கண்டுபிடித்த மனிதரே கணக்குப் பார்க்காமல்தான் இறங்கியிருக்கிறார்.

இரண்டாவது விடை 1971இல் அமெரிக்கரான ரொபர்ட் ட்ரிவர்ஸ் சொன்னது. அவரும் மூழ்குகிறவரைத்தான் எடுத்துக்கொண்டார். ஒருவர் நீரில் தத்தளிக்கிறார். உதவி இல்லாவிட்டால் அவர் சாவதற்குப் பாதி வாய்ப்பு. காக்கப் போகிறவருக்கு ஆபத்து இருபதில் ஒரு பங்கு. பின்னொரு நாள் இருவரின் இடமும் மாறினால், அந்தச் சிறிய ஆபத்தை ஏற்றவருக்கு அதைவிடப் பல மடங்கு பெரிய உதவி திரும்பக் கிடைக்கிறது. சீனி முடிந்த வீடு பக்கத்து வீட்டில் ஒரு சுண்டு சீனி கைமாற்றாக வாங்குவதைப் போன்றது இது. கொடுத்த வீட்டுக்கு அன்றைக்கு அது பெரிய இழப்பாகத் தெரியாது. வாங்கிய வீட்டுக்கு அந்த நேரத்துத் தேவை தீர்கிறது. நாளைக்கு நிலைமை மாறும். கைமாற்று உதவி என்றே இந்தக் கோட்பாட்டைத் தமிழில் அழைக்கலாம். உறவில்லாதவர்களுக்கிடையிலும் உதவி வேரூன்றுவதை இது விளக்குகிறது.

ஆனால் தெரியாத ஒருவரிடம் கைமாற்றைத் திருப்பிக் கேட்க முடியாது. செத்துப்போனவர் எதையும் திரும்ப வாங்க முடியாது. ரமேஷ் ராஜுவின் செயல் இந்த இரண்டு கணக்குக்குள்ளும் முழுமையாக அடங்கவில்லை. கூர்ப்பை ஆராய்கிறவர்களில் ஒரு சாரார் இதற்குச் சொல்லும் பதில்: மூளை ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்து கூட்டிக் கழிப்பதில்லை. மனித இனம் நெடுங்காலம் சிறு கூட்டங்களாக வாழ்ந்தது. எதிரே ஆபத்தில் நிற்கிறவர் ஒன்றில் உறவுக்காரர், அல்லது நாளைக்கும் முகம் பார்க்க வேண்டியவர். அந்த வாழ்க்கையில் ‘முதலில் கைகொடு’ என்பது பெரும்பாலும் சரியாக வந்த விதி. பெரும்பாலும் சரியாக வருவது பழக்கமாகிறது. பழக்கம் எதிரே நிற்பவர் யார் என்று பார்ப்பதற்கு முன்னரே வேலை செய்துவிடுகிறது.

கேட்க நன்றாக இருக்கிறது. உண்மைதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆய்வுகூடத்தில் ஒருவரை மூழ்கடித்து, யார் பாய்கிறார்கள் என்று பார்க்க முடியாதே. ஏற்கெனவே பாய்ந்தவர்களின் வாய்மொழியைத்தான் தேட வேண்டும்.

அதற்கு ஒரு களஞ்சியம் கிடைத்தது. 1904 ஜனவரியில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஹார்விக் நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. உள்ளே இருந்தவர்களைத் தேடி இறங்கியவர்களில் இருவர் இறந்தார்கள். அந்தச் செய்தி உருக்காலை அதிபர் அன்ட்ரூ கார்னகியை உலுக்கியது. அதே ஆண்டில் வீரர்களைக் கௌரவிக்கும் நிதியம் ஒன்றை நிறுவினார். இன்றுவரை பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு அதன் பதக்கம் கிடைத்திருக்கிறது. அதன் விதிகள் ஆராய்ச்சிக்கென்றே எழுதியவை போல இருக்கின்றன. தீயணைப்பு வீரரைப் போல, காப்பாற்றுவதையே கடமையாகக் கொண்டவர் கடமையைச் செய்ததற்குப் பதக்கம் கிடையாது. சொந்தக் குடும்பத்தவரைக் காப்பாற்றியதற்கும் பொதுவாகக் கிடையாது. காப்பாற்றியவர் உயிரிழந்தாலோ படுகாயமடைந்தாலோ மட்டும் விலக்கு உண்டு. ஆக, மிஞ்சுகிறவர்களில் பெரும்பாலோர் அந்நியருக்காக உயிரைப் பணயம் வைத்த சாதாரண மனிதர்கள்.

டேவிட் ராண்ட், சிவ் எப்ஸ்டைன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்தப் பதக்கம் பெற்ற 51 பேர் தந்த பேட்டிகளைச் சேகரித்தார்கள். நூற்றுக்கணக்கானோரிடம் அவற்றை வாசிக்கக் கொடுத்து, இவர் யோசித்துச் செய்தாரா, உடனே செய்தாரா என்று மதிப்பிடச் சொன்னார்கள். 2014இல் வெளியான முடிவு: பெரும்பான்மையோர் உடனே செய்தவர்கள். சம்பவத்தின்போது யோசிக்கப் போதிய நேரம் கிடைத்திருக்கக்கூடியவர்கள்கூட அப்படியே. வாவிக்கரையில் கேட்கிற அதே பதில்.

இதில் ஓர் ஐயம் எழத்தான் செய்யும். பிற்பாடு பேட்டி கொடுக்கும்போது, “நான் நன்றாக யோசித்துத்தான் உயிரைப் பணயம் வைத்தேன்” என்று யார் சொல்வார்? அடக்கம் காரணமாகவும் யோசிக்கவில்லை என்று சொல்லலாம். பாய்ந்து இறந்துபோனவர்களிடம் பேட்டி எடுக்கவும் முடியாது. ஆகவே மனிதர் சொல்வதை மட்டும் நம்பாமல், அடக்கமாகப் பேசத் தெரியாத உயிரினங்களிடமும் அறிவியல் போயிருக்கிறது.

ஜப்பானில் நொபுயா சாத்தோ குழுவினர் 2015இல் வெளியிட்ட பரிசோதனையில் ஒரு பெட்டிக்கு இரண்டு அறைகள். ஒன்றில் தண்ணீர், மற்றது காய்ந்த தரை. தண்ணீரில் ஓர் எலி தத்தளிக்கும். காய்ந்த பக்கத்து எலி சிறிய கதவொன்றைத் திறந்தால் அது இந்தப் பக்கம் ஏறிவிடலாம். எலிகள் அந்தக் கதவைத் திறக்க விரைவிலேயே கற்றுக்கொண்டன. பக்கத்து அறையில் தண்ணீர் இல்லாவிட்டால் திறக்க அக்கறை காட்டவில்லை. ஆகவே வெறும் தோழமைக்காகத் திறந்தன என்று சொல்ல முடியாது. தின்பண்டம் ஒரு பக்கமும் தத்தளிக்கும் எலி ஒரு பக்கமுமாக வைத்தபோது, பெரும்பாலும் தத்தளிக்கும் எலியின் கதவே முதலில் திறந்தது. இன்னொன்றையும் கண்டார்கள்: முன்பு தானே தண்ணீரில் கிடந்து பார்த்த எலிகள் மற்றவற்றைவிட விரைவாகக் கற்றன.

இதைவிட ஆழமாக என்னைத் தொட்டது, சிக்காகோவில் இன்பல் பென்-அமி பார்த்தால் குழுவினர் செய்து 2014இல் வெளியிட்டது. குழாய்க்குள் அடைபட்ட எலியை இன்னொரு எலி திறந்துவிடுமா என்பது கேள்வி. தன் இனத்து எலியென்றால், முன்பின் பார்த்திராததாக இருந்தாலும் வெள்ளை எலிகள் திறந்துவிட்டன. கறுப்புத் திட்டுள்ள வேற்றின எலியைத் திறக்கவில்லை. ஆனால் வேற்றின எலி ஒன்றோடு இரண்டு கிழமை ஒரே கூட்டில் வாழ்ந்த பிறகு, அந்த இனத்தின் அந்நிய எலிகளையும் திறந்துவிட்டன. பிறந்த நாள்முதல் வேற்றினத்தோடு மட்டுமே வளர்ந்த வெள்ளை எலிகளோ அந்த இனத்து அந்நியருக்கு உதவின. தம் சொந்த இனத்து அந்நியருக்கு உதவவில்லை. ‘நம்மவர்’ யார் என்பதை எலியின் இரத்தம் தீர்மானிக்கவில்லை, கூடி வாழ்ந்த வாழ்க்கை தீர்மானித்தது. எலியிலிருந்து மனிதருக்கு ஒரே தாவாகத் தாவக் கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வரும் இந்தக் கரையில், பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடத்தில் யாரோடு வாங்கில் இருந்து படிக்கிறார்கள் என்பது நாளைக்கு யார் யாருக்காகப் பாய்வார்கள் என்பதையும் தீர்மானிக்கும் என்றே நான் எண்ணுகிறேன்.

2004 டிசம்பர் 26 காலை ஆழிப்பேரலை வந்தபோது, கடலுக்கும் வாவிக்கும் இடையே நீண்டு கிடக்கும் நாவலடியில் அநாதைப் பிள்ளைகள் இல்லம் ஒன்றை நடத்திவந்தார் தயாளன் சான்டர்ஸ். 28 பிள்ளைகளையும் மோட்டார் பூட்டிய படகில் ஏற்றி வாவிக்குள் ஓட்டித் தப்பவைத்தார். ஹால்டேனின் உறவுக் கணக்கில் அந்தப் பிள்ளைகளுக்கான மதிப்பு பூச்சியம். ஒரே கூரையின் கீழ் கூடி இருந்து சாப்பிட்ட வாழ்க்கையை அந்தக் கணக்கில் எழுத இடமில்லை.

இனி மற்றப் பக்கம். பாய்கிறவர்கள் இருக்க, நின்று பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கல்நெஞ்சர்களா? 1964இல் நியூயோர்க்கில் ஒரு பெண் கொல்லப்பட்டபோது 38 பேர் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று பத்திரிகை எழுதியது. அந்தச் செய்தி மிகைப்படுத்தப்பட்டது என்பது பிற்காலத்தில் தெளிவானது. ஆனால் அது நல்ல ஆராய்ச்சி ஒன்றுக்கு வித்திட்டது. ஜோன் டார்லி, பிப் லத்தானே இருவரும் மாணவர்களைத் தனித்தனி அறைகளில் இருத்தி, இன்டர்கொம் வழியே உரையாடவிட்டார்கள். நடுவில் ஒரு குரல் வலிப்பு வந்தாற்போல் தடுமாறும். தான் மட்டுமே அதைக் கேட்கிறேன் என்று நம்பியவர்களில் 85 வீதமானோர் அது ஓய்வதற்குள் உதவி கேட்டு எழுந்தார்கள். இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பியவர்களில் 31 வீதமானோரே எழுந்தார்கள். எழாதவர்கள் அலட்சியமாக இருக்கவில்லை. கை நடுங்க, வியர்த்துப்போய் இருந்தார்கள். பொறுப்பு ஐந்தாகப் பங்கிடப்பட்டு, ஆளுக்குக் கிடைத்த பங்கு எழுந்து நடக்கப் போதாமல் போயிற்று.

அண்மையில் இந்தப் படம் கொஞ்சம் மாறியிருக்கிறது. இங்கிலாந்து, நெதர்லாந்து, தென்னாபிரிக்கா ஆகிய மூன்று நாட்டு நகரங்களின் கண்காணிப்புக் கமராக்களில் பதிவான 219 தெருச் சண்டைகளை ஆராய்ந்தவர்கள், பத்தில் ஒன்பதில் யாரோ ஒருவராவது குறுக்கே போயிருக்கக் கண்டார்கள். ஆட்கள் கூடக் கூட, ஒருவராவது தலையிடும் வாய்ப்பும் கூடியது. ஆபத்து கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்போது மனிதர்கள் தயங்குவது குறைவு. தெளிவில்லாதபோதுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். எல்லா முகங்களும் அமைதியாக இருப்பதால், ஒன்றுமில்லை என்று எல்லாரும் நம்பிவிடுகிறார்கள்.

நீரில் மூழ்குவது பார்வைக்குத் தெளிவில்லாத ஆபத்து. ஆடி அமாவாசையன்று மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தக் குளத்தைச் சுற்றி நிற்கும் சனத்திரளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? மூழ்குகிறவர் கத்துவார், கையை வீசுவார் என்று சினிமா நமக்குச் சொல்லித் தந்திருக்கிறது. நியூயோர்க்கின் கடற்கரையொன்றில் உயிர்காப்பாளராக இருந்த பிராங்க் பியா, நிஜமாக மூழ்கிக்கொண்டிருந்தவர்களின் படச்சுருள்களை 1970களில் பார்த்து ஆராய்ந்தபோது வேறொன்றைக் கண்டார். உடம்பு செங்குத்தாக நிற்கும். கால் உதைப்பு இராது. தலை பின்னுக்குச் சாய்ந்து, வாய் நீர்மட்டத்துக்குக் கீழே போவதும் மேலே வருவதுமாக இருக்கும். கைகள் பக்கவாட்டில் விரிந்து தண்ணீரைக் கீழே அழுத்தும். மூச்சு எடுக்கவே நேரம் போதாது. கத்துவதற்கு மூச்சு ஏது? 20 முதல் 60 விநாடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். ஏணியில் ஏற முயல்வதுபோலத் தெரியும் பிள்ளை விளையாடுகிறது என்றுதான் பக்கத்தில் நிற்பவர் நினைப்பார்.

கையை உயர்த்தாததற்குக் காரணம் மிதப்பு விசை. நெஞ்சு நிறையக் காற்று இருந்தால் மனித உடம்பு தண்ணீரைவிடச் சற்றே இலேசு. தலையின் ஒரு சிறு பகுதிதான் வெளியே நிற்கும். தண்ணீருக்குள் இருக்கும்வரை கையின் பாரத்தைத் தண்ணீர் தாங்குகிறது. கையை மேலே தூக்கியதும் அந்த மூன்று கிலோ அளவான பாரம் முழுவதும் உடம்பின்மேல் விழ, வாய் தண்ணீருக்குள் போகும். உடம்புக்கு இது சொல்லித்தராமலே தெரிகிறது. அதே காரணத்தால்தான், கிட்டப் போகிற எவரையும் மூழ்குகிறவர் பிடித்து அமுக்கி மேலே ஏறப் பார்க்கிறார். அது நன்றிகெட்டதனம் அல்ல; எது அகப்பட்டாலும் அதன்மேல் ஏறச் சொல்லும் உடம்பின் ஆணை.

ஆகவே நீச்சல் தெரிந்தவர்களும் காக்கப் போய் இறக்கிறார்கள். துருக்கியிலும் ஆஸ்திரேலியாவிலும் இதைத் தனியாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். முதலில் தத்தளித்தவர் பிழைத்து, காக்கப் போனவர் மாண்ட சம்பவங்கள் அவற்றில் பல. யோசிக்காமல் பாய்வது மனிதரிடமுள்ள மிக உயர்ந்த குணம் என்று நான் நம்புகிறேன். அதை அடக்கச் சொல்லவில்லை. அந்த ஒரு விநாடியில் உடம்பு என்ன செய்யும் என்பதைப் பழக்கம்தான் தீர்மானிக்கிறது என்றால், அந்தப் பழக்கத்தை முன்கூட்டியே ஊட்டலாம் அல்லவா? கலிபோர்னியாவில் குற்றச் செயல்களின்போது குறுக்கே புகுந்து தடுத்த 32 பேரை, அப்படிச் செய்யாதவர்களோடு 1981இல் ஒப்பிட்டார்கள். இரக்க குணத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. தடுத்தவர்கள் உடல்வலிமை கூடியவர்கள். முதலுதவி, உயிர்காப்புப் பயிற்சி கூடுதலாகப் பெற்றவர்கள்.

2020 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் குளிக்க வந்த இளைஞர்கள் நால்வர் ஆழத்தில் மாட்டிக்கொண்டார்கள். அங்கே மூன்று பெண்கள் நின்றிருந்தார்கள். உடுத்திருந்த சேலைகளை அவிழ்த்து வீசினார்கள். இருவர் பிடித்துக் கரையேறினார்கள். இருவரைக் காப்பாற்ற முடியவில்லை. தமிழ்நாடு அரசு அந்த ஆண்டு சுதந்திர தினத்தில் மூவருக்கும் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. பெண்கள் அந்நிய ஆண்கள் முன் சேலையை அவிழ்ப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது நம் ஊர்களில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். அதுவும் யோசிக்காமல் செய்ததே. கூடவே, மீட்புப் பயிற்சியாளர்கள் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமும் அதுதான்: நீட்டு, வீசு, இறங்குவது கடைசி. சேலை ஐந்தரை மீற்றர் நீளம். பருத்தி நூல் நனைந்தால் பலம் கூடுமே தவிரக் குறையாது.

கார்னகி பதக்கம் பெற்றவர்களில் பெண்கள் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்று 2004இல் செல்வின் பெக்கர், அலிஸ் ஈக்லி இருவரும் காட்டினார்கள். அமெரிக்காவில் உயிரோடு இருக்கும்போதே சிறுநீரகம் கொடுத்தவர்களை எண்ணியபோதோ பெண்கள் ஆண்களைவிடக் கூடுதலாக இருந்தார்கள். எதை வீரம் என்று எண்ணுகிறோமோ அதற்கேற்பத்தான் வீரர்களின் பட்டியல் அமைகிறது. உயிராபத்தை மட்டும் அளக்கும் பதக்கங்கள், கையில் உள்ளதை வீசி உயிர் காத்த கெட்டித்தனத்தைக் காணாமல் விட்டுவிடும். கொட்டரைப் பெண்களுக்குக் கிடைத்த விருதை நான் இதனாலேயே பெரிதாக மதிக்கிறேன்.

அமிர்தகழிக் கரையில் சேலைகூடத் தேவைப்படாது. தோணி தள்ளும் கம்பு இருக்கிறது, வீச்சுவலைக் கயிறு இருக்கிறது. மூடி இறுக்கிய ஐந்து லீற்றர் வெறும் பிளாஸ்டிக் கான் தண்ணீரில் ஏறத்தாழ ஐந்து கிலோ பாரத்தைத் தாங்கும். மனிதத் தலை அவ்வளவு பாரம்தான். மிச்ச உடம்பைத் தண்ணீரே தாங்குகிறது. ஒரு கானைக் கயிற்றில் கட்டி இறங்குதுறையில் தொங்கவிட அதிகம் செலவாகாது. 2021இல் மட்டும் உலகத்தில் மூன்று இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிடுகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சலும், கரையில் நிற்கிறவர்களுக்குப் பாதுகாப்பாக மீட்கும் முறையும் மூச்சு மீட்கும் முறையும் கற்றுக்கொடுங்கள் என்பது அதன் பரிந்துரைகளில் அடங்கும்.

கரைக்குக் கொண்டுவந்த பிறகு நம் ஊர்களில் நடக்கும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிள்ளையைத் தலைகீழாகத் தூக்குவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது. அமுக்கினால் வருவது பெரும்பாலும் இரைப்பையில் உள்ளது. அது மூச்சுக்குழாய்க்குள் போனால் நிலைமை இன்னும் மோசமாகும். மூழ்கியவருக்குக் குறைவது ஒட்சிசன். மாரடைப்பால் இதயம் நின்றவரின் இரத்தத்தில் கொஞ்ச நேரத்துக்கு ஒட்சிசன் மிச்சம் இருக்கும். மூழ்கியவரிடம் அதுவும் தீர்ந்திருக்கும். எனவே மூச்சு நின்றிருந்தால் மல்லாக்கக் கிடத்தி, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, மூக்கை மூடி, முதலில் வாய்வழியாக மூச்சைக் கொடுக்க வேண்டும். பிறகு நெஞ்சு அழுத்தம். பிறகு மீண்டும் மூச்சு. பக்கத்தில் நிற்கிறவர்களில் ஒருவரை நேரே கைகாட்டி, “நீங்க 1990 அம்புலன்சுக்கு அடியுங்க” என்று சொல்ல வேண்டும். யாராவது அம்புலன்சைக் கூப்பிடுங்கள் என்று பொதுவாகக் கத்தினால் யாரும் கூப்பிடாமலே போகலாம்.